டிராக் செயில் மாட்டிட்டா போதுமா? காலேஜ் க்யூப்சாட் டீமுக்கு ஒரு பதில்

கேள்வி: சார், நாங்க காலேஜ்ல 3யூ க்யூப்சாட் (மூணு 10 சென்டிமீட்டர் பெட்டிய அடுக்குன சைஸ் குட்டி சாட்டிலைட்) பண்றோம். 600 கிலோமீட்டர் உயரம்னு ப்ளான். ரிவ்யூல "வேலை முடிஞ்சதும் இத எப்படி கீழ கொண்டு வருவீங்க, குப்பையா விட்டுருவீங்களா"ன்னு கேட்டுட்டாங்க. டிராக் செயில் மாட்டிட்டா சரியாயிருமா?

தம்பி, டிராக் செயில்ங்கறது மேல போய் விரியற மெல்லிசான பாய், கப்பல் பாய் மாதிரி, அங்க இருக்கற கொஞ்சூண்டு காத்த புடிச்சு சாட்டிலைட் வேகத்தக் கொறச்சு கீழ எறக்கும். அது வேலை செய்யும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா செயில் இருக்குங்கற தைரியத்துல 600க்குப் போகாதீங்க.

இங்கிலாந்துல சர்ரே யூனிவர்சிட்டி ஸ்பேஸ் சென்டர்காரங்க இதையே ரொம்ப வருஷமா நோண்டிட்டு இருக்காங்க. அவங்களோட இன்ஃப்ளேட்செயில், உங்க 3யூ சைஸேதான், 2017 ஜூன் 23ல நம்ம ஸ்ரீஹரிகோட்டாலேர்ந்து பிஎஸ்எல்வி சி38ல 505 கிமீக்குப் போச்சு (குமாரகோவில் நூருல் இஸ்லாம் யூனிவர்சிட்டியோட நியூசாட்டும் அதே வண்டிதான்). மேல போனதும் ஒரு மீட்டர் குழாய் கேஸ்ல ஊதி நீண்டு, அதோட நுனியில 10 சதுர மீட்டர் பாய் விரிஞ்சுது, கிட்டத்தட்ட ஒரு சின்ன பெட்ரூம் தரை அளவு. உங்க சாட்டிலைட்டோட நீளப் பக்கம் 10க்கு 30 சென்டிமீட்டர், அதாவது 0.03 சதுர மீட்டர்தான், அப்ப முன்னூறு மடங்குக்கு மேல காத்து புடிக்குது, எடை அதேதான். சும்மா விட்டா வருஷக்கணக்குல சுத்தியிருக்க வேண்டியது 72 நாள்ல கீழ வந்து எரிஞ்சு போச்சு.

இத மட்டும் கேட்டா உடனே செயில் வாங்கலாம்னுதான் தோணும். அடுத்த கதையையும் கேளுங்க. அதே டீம் முன்னால நின்னு 2018ல ரிமூவ்டெப்ரின்னு சுமார் 100 கிலோ சாட்டிலைட் ஒண்ண சர்வதேச விண்வெளி நிலையத்துலேர்ந்து வெளிய விட்டாங்க, குப்பைய புடிக்கற வழிகள டெஸ்ட் பண்ண. செப்டம்பர்ல ஒரு குட்டி க்யூப்சாட்ட வெளிய தள்ளி, அது மேல வலை வீசுனாங்க, மீன் புடிக்கற மாதிரி அப்படியே சுருட்டிருச்சு. 2019 பிப்ரவரியில ஒன்றரை மீட்டர் கம்பு நுனியில இருந்த தகட்ட ஈட்டியால அடிச்சாங்க, குத்திருச்சு. இவ்ளோ கஷ்டமான ரெண்டும் பாஸ், மார்ச்ல கடைசியா பாய விரிக்கணும், அது சரியா விரியல. அனுபவம் இருக்கற டீமுக்கே இதுதான் நிலமை, நம்ம காலேஜ் லேப்ல மடிச்சு வெச்ச பாய் ரெண்டு வருஷம் கழிச்சு மேல விரியும்னு நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

ஆனா அந்த சாட்டிலைட் குப்பையா தங்கிருமேன்னு யாரும் பதறல, ஏன்னா அவங்க விட்ட இடம் சுமார் 400 கிமீ, பாய் விரியாட்டியும் அங்க இருக்கற கொஞ்சூண்டு காத்தே இழுத்துட்டு வந்துரும். நீங்க காப்பியடிக்க வேண்டியது இதைத்தான்.

உயரம் என்ன பண்ணும்னு பாக்க வெளிநாடு எல்லாம் போக வேணாம். அண்ணா யூனிவர்சிட்டியோட அனுசாட் 2009 ஏப்ரல்ல தாழ்வான பாதையில போச்சு, மூணே வருஷத்துல வந்துருச்சு. எஸ்ஆர்எம்சாட் 2011ல 867 கிமீக்குப் போச்சு, அந்த உயரத்துல காத்து இழுத்துக் கொண்டு வர பல தலைமுறை ஆகும். அவங்க மேல தப்பு சொல்லல, பெரிய சாட்டிலைட் போற வண்டியில இடம் கெடச்சா அது எறக்கி விடற எடத்துலதான் எறங்கணும், அப்ப இதெல்லாம் யாரும் பெருசா கேட்டதும் இல்ல. இப்ப கேக்கறாங்க. அமெரிக்காவுல சாட்டிலைட்டுக்கு லைசன்ஸ் குடுக்கற எஃப்சிசி, வேலை முடிஞ்சப்புறம் கீழ கொண்டு வர இருந்த பழைய 25 வருஷ கெடுவ 5 வருஷமா கொறச்சாச்சு, இஸ்ரோவும் 2030க்குள்ள குப்பை இல்லாத மிஷன்னு டார்கெட் வெச்சிருக்கு.

அதனால 450லேர்ந்து 500க்குள்ள எறங்கற லாஞ்ச் தேடுங்க, கவரேஜ் கொஞ்சம் கொறையும், போகட்டும். செயில் மாட்டுறதுன்னா அத தொறக்கற டைமர மெயின் கம்ப்யூட்டர்லேர்ந்து தனியா வைங்க, சாட்டிலைட் செத்துட்டாலும் அது தொறக்கணும். பாய் தெரியாத்தனமா முதல் வாரமே விரிஞ்சா மிஷனே காலி, அதுக்கும் ஒரு லாக் யோசிங்க. வேலை முடிஞ்சதும் பேட்டரிய சார்ஜ் ஆகாத மாதிரி கட் பண்ற கமாண்டும் வேணும், அது வெடிச்சு நூறு துண்டா ஆகக்கூடாது.

ஐரோப்பிய விண்வெளி அமைப்பு ஈஎஸ்ஏவோட ட்ராமா சாஃப்ட்வேர், சாட்டிலைட் எப்ப கீழ வரும்னு கணக்கு போடறது, ரிஜிஸ்டர் பண்ணா ஃப்ரீயா கெடைக்கும். செயில் விரிஞ்சா எத்தன நாள், விரியலன்னா எத்தன வருஷம்னு ரெண்டு ரன் போடுங்க, ரெண்டையும் சூரியன் அமைதியா இருக்கற வருஷத்துக்குப் போடுங்க, அப்பதான் மேல காத்து கொறைஞ்சு இழுக்கற வேகமும் கொறையும். ரிவ்யூ ஷீட்ல விரியாத கணக்க முதல்ல எழுதுங்க, அது 5 வருஷத்துக்குள்ள வந்தா செயில பத்தி அவங்க ரொம்ப தோண்ட மாட்டாங்க.