மூக்கு வெளுத்துப் போச்சே! நாய் வளர்ப்போர் கேள்வி பதில்

பாம்பன்: அண்ணே, எங்கள் லேப்ரடாருக்குக் கறுப்பாக இருந்த மூக்கு மார்கழியிலிருந்து பழுப்பாகிக்கொண்டே வருகிறது. ரத்தம் குறைவு, ஆட்டு ஈரல் கொடு என்கிறார்கள்.

பதில்: ரத்தம் குறைந்தால் ஈறு வெளுக்கும். உதட்டைத் தூக்கிப் பாருங்கள், ஈறு இளஞ்சிவப்பாக இருந்தால் ஈரல் உங்களுக்குத்தான். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கிக்கெல்லாம் இப்படி வெளுப்பது சகஜம். மெலனின் என்ற நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதி குளிரில் மந்தமாவதால் என்பார்கள். பாம்பனில் என்ன குளிர் என்று கேட்காதீர்கள், வெயில் ஊர்களிலும் இது வரத்தான் செய்கிறது. சிலதுக்குக் கோடையில் கறுக்கும், சிலதுக்கு அப்படியே நின்றுவிடும். நிறத்தை விடுங்கள், மூக்கின் சொரசொரப்பைப் பாருங்கள். அது இருக்கும்வரை பெரும்பாலும் பயமில்லை.

கீழக்கரை: பிளாஸ்டிக் தட்டால் வெளுக்குமா?

பதில்: வெளுக்கலாம் பாய். சில பிளாஸ்டிக், ரப்பரில் உள்ள ரசாயனம் மூக்கோடு உதட்டையும் சேர்த்து வெளுக்க வைக்கும். ஆனால் எல்லாப் பழியும் தட்டின் மேல்தான் விழுகிறது என்பது என் எண்ணம். எவர்சில்வருக்கு மாற்றிப் பாருங்கள், நஷ்டமில்லை.

தொண்டி: ஜெர்மன் ஷெப்பர்டு கலப்பு, ஐந்து வயது. மூக்கு சாம்பல் நிறமாகி, வழவழவென்று ஆகிவிட்டது. ஓரத்தில் பொருக்கு, வெயிலில் திரிந்தால் ரத்தம் கசிகிறது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவுகிறோம்.

பதில்: நான் பயந்தது இதைத்தான். நல்ல மூக்கில் குறுணை ஒட்டியதுபோல மேடும் பள்ளமுமாக இருக்கும். அது மழுங்கி, பொருக்கும் புண்ணும் வந்தால் லூபஸ் வகை நோயாக இருக்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தாக்குவது அது. ஜெர்மன் ஷெப்பர்டு, கோலி இனங்களில் அதிகம், வெயில் பட்டால் மோசமாகும். புற்றுநோயும் இதே வேஷத்தில் வரும், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. தோலில் துளி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அதையும் புண்ணின் நடுவில் எடுக்காமல், இப்போதுதான் சாம்பலாகிவரும் ஓரத்தில் எடுத்தால்தான் விடை தெளிவாகக் கிடைக்கும். உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், தேவைப்பட்டால் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார். லூபஸ் என்றால் பெரும்பாலும் களிம்பிலேயே கட்டுப்படும், ஆனால் நாளாகும். அதுவரை பத்து மணிக்கு மேல் கடற்கரைப் பக்கம் விடாதீர்கள், மணலும் வெயிலைத் திருப்பி அடிக்கும். மஞ்சளை நிறுத்துங்கள். நமக்குப் பூசும் சன்ஸ்கிரீனும் வேண்டாம். சிலவற்றில் துத்தநாகம் இருக்கும், நக்கினால் அது வயிற்றுக்குள் போகும்.

மண்டபம்: ராஜபாளையம் குட்டி வாங்கினேன். மூக்கு ரோஸ் நிறம். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை தம்பி. வெள்ளை ராஜபாளையத்துக்கு அதுதான் மூக்கு. அது பார்க்காத பக்கம் நின்று கைதட்டிப் பாருங்கள், இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் உண்டு.

திருப்புல்லாணி: ராட்வைலருக்கு மூக்கிலும் உதட்டிலும் வெள்ளைத் திட்டு. புண் இல்லை. குழந்தைகளுக்கு ஒட்டுமா?

பதில்: ஒட்டாது அக்கா. வெண்புள்ளியாகத்தான் இருக்கும். மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும், அப்புறம் அப்படியே விடலாம்.

ஏர்வாடி: ஹஸ்கிக்கு மூக்கு வெளுத்ததோடு கண்ணும் சிவந்திருக்கிறது. வெளிச்சம் பட்டால் கண்ணை இடுக்கிக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகலாமா?

பதில்: இன்றைக்கே கிளம்புங்கள். எதிர்ப்புச் சக்தி நிறமியைத் தாக்கும்போது சில நாய்களுக்குக் கண்ணுக்குள்ளும் அழற்சி வரும், ஹஸ்கி, அகிடா இனங்களில் இது அதிகம். தாமதித்தால் பார்வை போய்விடும். மூக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், மருத்துவரிடம் முதலில் கண்ணைக் காட்டுங்கள்.