பிபியை இறக்க மூளை என்ன செய்கிறது?

"டென்ஷன் ஆனால் பிபி ஏறுவது புரிகிறது. அதை இறக்குவதிலும் மூளைக்குப் பங்கு உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் மூளை ஓயாமல் பார்க்கிற வேலை அழுத்தத்தைத் தூக்கிப் பிடிப்பதுதான். இறக்க வேண்டுமென்றால் அந்த வேலையைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவே.

மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் ஒரு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. நாம் தூங்கும்போதும் அது குளூட்டமேட் என்ற, நரம்பைத் தூண்டும் வேதிப்பொருளை விட்டுத் தண்டுவடத்தை உசுப்பிக்கொண்டே இருக்கும். அங்கே தொடங்கும் பரிவு நரம்புப் பாதை (உடலை உஷார்ப்படுத்தும் நரம்புகள்) ரத்தக்குழாய்ச் சுவரில் போய் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை விடும், குழாய் இறுகும். கழுத்துத் தண்டுவடத்தில் பலமாக அடிபட்டவர்களுக்கு பிபி சரிந்துவிடுவது, மேலிருந்து வரும் இந்தத் தூண்டல் அறுந்துபோவதால்தான்.

கழுத்துத் தமனியிலும் இதயத்துக்கு மேலே பெருந்தமனி வளைவிலும், சுவர் விரிவதை உணரும் நரம்பு முனைகள் உண்டு. அழுத்தம் ஏறினால் அவை முகுளத்துக்குத் தகவல் கொடுக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: அந்தத் தகவலைச் சேர்ப்பதும் முக்கியமாகக் குளூட்டமேட்தான். உசுப்பிவிடுகிற அதே பொருள் எப்படி அடக்கும்? நடுவில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. குளூட்டமேட் அதை எழுப்ப, அது காபா என்ற, நரம்பை அடக்கும் வேதிப்பொருளை வெளியிட, காபா போய் முதலில் சொன்ன கூட்டத்தின் வாயை அடைக்கிறது. குழாய் தளர்கிறது. கூடவே மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விட்டு இதயத்துடிப்பைக் குறைக்கிறது. எல்லாம் சில நொடிகளில்.

படுத்திருந்து எழுந்தால் அரை லிட்டர் அளவு ரத்தம் கீழே இறங்கிவிடும். உடனே இது தலைகீழாக ஓடும்: காபா குறைகிறது, நார்அட்ரினலின் கூடுகிறது. அதற்குச் சற்றுத் தாமதமானால் கண் இருட்டும். ரத்தம் நிறையப் போய்விட்டால் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உருவாகும் வாசோபிரசின் என்ற ஹார்மோனும் கைகொடுக்கும். குழாயை இறுக்கும், சிறுநீரில் நீர் போவதைக் குறைக்கும்.

இவ்வளவு இருந்தும் பலருக்கு ஏன் பிபி ஏறியே நிற்கிறது என்றால், அழுத்தம் நாள்கணக்கில் உயர்ந்தே இருந்தால் அந்த உணர்முனைகள் அதையே இயல்பு என்று எடுத்துக்கொண்டுவிடும்.

இந்த வேதியியலை நேரடியாகத் தொடும் மருந்தும் உண்டு. குளோனிடின் முதலில் மூக்கடைப்புக்காக உருவாக்கப்பட்டது. பிபியை இறக்குகிறது என்று பிறகுதான் தெரிந்தது. மூளைத்தண்டிலேயே வேலை செய்து பரிவு நரம்புத் தூண்டலைக் குறைக்கிறது. சட்டென்று நிறுத்தினால் அடக்கி வைத்த நார்அட்ரினலின் பொங்கி, பிபி முன்பைவிட எகிறலாம். அதனால் இதை நிறுத்துவதென்றால் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.