கொலஸ்ட்ரால் நிரபராதியா?

வணக்கம் ஐயா. அப்பாவுக்கு 58 வயது, பேருந்து ஓட்டுநர். போன வருஷம் டிரெட்மில் சோதனையில் எல்லாம் சரி என்றார்கள். கெட்ட கொலஸ்ட்ராலும் அப்படியொன்றும் கூடுதல் இல்லை. ஆனாலும் இரண்டு மாதத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ரத்தக் குழாயில் 'இன்ஃபிளமேஷன்', அதாவது அழற்சி என்றார் டாக்டர். "பார்த்தாயா, கொலஸ்ட்ரால் எல்லாம் மருந்துக் கம்பெனி கட்டிய கதை" என்று சித்தப்பா வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்புகிறார். தன்னுடைய கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலி) மாத்திரை இதயத்துக்கு நல்லதாம், தினம் இரண்டு போடச் சொல்கிறார். அப்பா கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார். என்ன செய்வது?
— ஈசூன் (சிங்கப்பூர்) வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஸ்டாட்டினை நிறுத்த விடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம். நான் டாக்டர் இல்லை, நோயியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன்.

சிங்க் குழாயில் எண்ணெய் உறைவதுபோல ரத்தக் குழாய் அடைக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முதன்முதலில் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்த அன்றே அந்த எண்ணம் போயிற்று. படிவு சுவரின் மேல் ஒட்டியிருக்கவில்லை, சுவருக்குள்ளே இருந்தது. சுண்ணாம்பு ஏறிய இடத்தில் முட்டை ஓட்டை நறுக்கியதுபோலச் சத்தம் கேட்டது. பக்கத்திலேயே மஞ்சளாக, கெட்டிக் கஞ்சி பதத்தில் ஏதோ கத்தியில் ஒட்டியது. இந்த நோய்க்கு அத்திரோஸ்கிளிரோசிஸ் என்று பெயர், அதில் உள்ள 'அத்திரோ'வுக்குக் கிரேக்கத்தில் கூழ் என்றுதான் பொருள்!

அந்தக் கூழ் எப்படி வந்தது? எல்டிஎல் எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரால் துகள்கள் குழாயின் உள்தோலைத் தாண்டிச் சுவருக்குள் போய்ச் சிக்கி, அங்கேயே கெட்டுப்போகின்றன. உள்தோல் செல்கள் வெள்ளை அணுக்களைக் கூப்பிடுகின்றன. அவை வந்து விழுங்க ஆரம்பிக்கின்றன, வயிறு நிறைந்ததே தெரியாமல். விழுங்கி விழுங்கி நுரை பொங்கிய மாதிரி ஊதி, அங்கேயே சாகின்றன. கொலஸ்ட்ரால் படிகமாகிறது. அந்தப் படிகங்கள் குத்தியதும் இன்டர்லூக்கின்-1 என்ற அபாயச் சங்கு ஊதப்பட்டு, இன்னும் ஆள் வருகிறது. கிருமி எதுவும் இல்லாமலே ஆறாத புண்போல அழற்சி நீடிக்கிறது.

உடம்பு அதன்மேல் நார்ப்பொருளால் ஒரு மூடி போடுகிறது. வெள்ளை அணுக்கள் கக்கும் நொதிகள் அந்த மூடியை அரிக்கின்றன. மெலிந்த மூடி ஒரு நாள் கிழிந்தால், கூழ் பட்ட சில நிமிடங்களில் ரத்தம் கட்டியாக உறைந்து குழாயை அடைக்கிறது, அதுதான் மாரடைப்பு. குழாயைப் பாதிகூட அடைக்காத படிவும் இப்படி வெடிக்கலாம். அப்பா டிரெட்மில்லில் தேறியதும் பிறகு விழுந்ததும் முரணில்லை.

இது புதுக் கதையும் இல்லை. ஜெர்மனியில் விர்ஷோ என்ற நோயியல் அறிஞர் 1850களிலேயே இது அழற்சி என்றார். 1913இல் ரஷ்யாவில் அனிச்கோவ் என்ற ஆய்வாளர் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டி இதே நோயை வரவழைத்தார். இருவரில் யார் சரி என்று வெகுகாலம் இழுபறி, இருவருமே சரிதான். கொலஸ்ட்ரால் என்ற எண்ணெய் இல்லாமல் அழற்சி என்ற இந்தத் தீ பிடிக்காது. சித்தப்பாவின் வீடியோ இதைத்தான் விட்டுவிடுகிறது.

இன்டர்லூக்கின்-1ஐ மட்டும் அடக்கும் ஊசியை 10,061 பேரிடம் சோதித்து 2017இல் முடிவு சொன்னார்கள். கொலஸ்ட்ரால் அசையவில்லை, மாரடைப்பு போன்றவை மட்டும் ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்தன. அழற்சிக்குப் பங்குண்டு என்பதற்கு அது நேரடிச் சான்று. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கொஞ்சம் கூடின. காவல்காரனைக் கட்டிப்போட்டால் திருடன் வரத்தானே செய்வான்? ஸ்டாட்டினோ எல்டிஎல்லையும் குறைக்கிறது, அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவையும் இறக்குகிறது. ஒரே மாத்திரையில் இரண்டு வேலை.

கவுட் மாத்திரைப் பேச்சு முழுப்பொய் இல்லை. கவுட்டுக்குக் கொடுக்கும் கோல்சிசின் என்ற மருந்தை 0.5 மில்லிகிராம் தினமும் கொடுத்த 2019, 2020 சோதனைகளில் பலன் தெரிந்தது. மாரடைப்பு வந்தவுடன் தொடங்கிய, 7,000க்கும் மேற்பட்டோர் பங்கெடுத்த 2024 சோதனையில் பலன் இல்லை. அதனால் டாக்டர்களே யோசித்துத்தான் கொடுக்கிறார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது நஞ்சாகும், ஸ்டாட்டினோடு சேர்ந்தால் சிலருக்குத் தசை பாதிக்கும். சித்தப்பா வைத்திருப்பது கோல்சிசினா, அலோபியூரினாலா என்பதே நமக்குத் தெரியாது. இரண்டும் கவுட்டுக்குத்தான், வேலை வேறு. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்பா புகைப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. புகைப்பார் என்றால், ஸ்டாட்டினைத் தவிர மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு அதை முதலில் பாருங்கள். அடுத்த முறை பலதுறை மருந்தகம் போகும்போது சிஆர்பி பார்க்க வேண்டுமா என்று கேட்கலாம், ஆனால் சளி, காய்ச்சல் இருக்கும்போது வேண்டாம். எண் தானாகவே ஏறியிருக்கும், சித்தப்பாவுக்கு இன்னொரு வீடியோ கிடைத்துவிடும்.