ஊசியை நிறுத்தியதும் எடை ஏறுவது உங்கள் தவறல்ல

எடை குறைக்கும் செமாக்ளூடைட் ஊசி போட்டு 14 கிலோ குறைந்து, நிறுத்திய நான்கு மாதத்தில் 6 கிலோ ஏறிவிட்டது, "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த வரியை அழித்துவிடுங்கள்.

குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போலத்தான் அந்த மருந்து வேலை செய்கிறது. பாதித் தட்டிலேயே மூளைக்குப் "போதும்" என்ற சேதி போய்விடும். ஊசி நின்றால் சேதியும் நின்றுவிடும். அப்புறம், இளைத்த உடம்பு பசியைக் கூட்டி, சக்தியைச் செலவழிப்பதைக் குறைத்து, பழைய எடைக்கே இழுக்கும். இந்த மருந்தை வைத்து நடந்த ஸ்டெப் 1 ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுகிறதே, அதே கதைதான்.

நீண்ட நாள் போடப் பயம் என்கிறீர்கள். நியாயமான பயம். ஃபென்ஃப்ளூரமின் என்ற பழைய எடைக்குறைப்பு மருந்து இதய வால்வுகளைக் கெடுத்ததால் 1997-இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. மாரடைப்பு ஆபத்தால் 2010-இல் சிபுட்ரமின் என்ற இன்னொரு எடைக்குறைப்பு மருந்தும் போனது. செமாக்ளூடைட் விஷயம் வேறு: இதய நோயுள்ள 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த செலக்ட் ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்த்து 20 சதவீதம் குறைந்தன. வாந்தி, குமட்டல், பித்தப்பைக் கல் எல்லாம் இதிலும் உண்டு, அதை மறைக்க மாட்டேன்.

தயவுசெய்து மிச்சமிருக்கும் பழைய ஊசியை நீங்களாகவே முழு அளவில் போட்டுவிடாதீர்கள். இவ்வளவு இடைவெளிக்குப் பிறகு பொதுவாக 0.25 மில்லிகிராமிலிருந்துதான் அளவை மறுபடி ஏற்றுவார்கள். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.