ஆடிக்கு முன்னால் வாங்கிவிடலாமா?

அன்புள்ள அண்ணா,

நாங்கள் கவுண்டம்பாளையத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வாடகை இப்போது பதினாலாயிரம். கணவருக்கு கோவை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வங்கி வேலை, எனக்கு சரவணம்பட்டியில் ஐடி கம்பெனி, மகள் மூன்றாம் வகுப்பு. கோவைக்குள் வீடு வாங்க எங்களால் முடியாது. மேட்டுப்பாளையத்தில் பவானிக் கரையை ஒட்டி ஒரு வீடு வந்திருக்கிறது. இரண்டு படுக்கையறை, 55 லட்சம் சொல்கிறார்கள். மொட்டை மாடியில் நின்றால் கீழே ஆறு, எதிரே மலை. பார்த்ததுமே மனசு அங்கே தங்கிவிட்டது. கையில் 15 லட்சம் இருக்கிறது, மீதி 40-க்குக் கடன். என் பெயரில் பதிந்தால் கட்டணம் குறையும் என்கிறார் புரோக்கர். ஆடி பிறந்துவிட்டால் பத்திரம் போட மாட்டார்கள், ஆனிக்குள் முடித்துவிடலாம், வெள்ளிக்கிழமை ஐம்பதாயிரம் டோக்கன் கொடுங்கள் என்றும் சொல்கிறார். கணவர் சரி என்கிறார். எனக்குத்தான் இழுத்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கத்து ஆள். வாங்கலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

ஊர் சரி. அந்த வீடு வேண்டாம் என்றுதான் எனக்குப் படுகிறது. எப்படி இருந்தாலும் ஆடி முடிகிறவரை பணம் எதுவும் கைமாற வேண்டாம்.

புரோக்கர் ஆனிக்குள் முடிக்கச் சொல்வதற்குச் சாதாரணக் காரணம் இருக்கலாம். ஆடியில் நம் ஆட்கள் கிரயம் செய்வதில்லை, அவருக்கு ஒரு மாதம் வியாபாரம் நின்றுபோகும். ஆனால் பவானி தன் முழு உருவத்தையும் காட்டுவது அந்த ஆடியில்தான். நீங்கள் வைகாசியில் மாடியில் நின்று பார்த்தது பாறைக்கு நடுவே ஓடுகிற அமைதியான ஆறு. தென்மேற்குப் பருவமழை நீலகிரியில் வலுத்துவிட்டால் அதே ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டுப் போகும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்ததே, அந்தத் தண்ணீர் குந்தா ஆறு வழியாக இறங்கிச் சேருகிற இடம், பவானியில் உள்ள பில்லூர் அணை. அணையின் மொத்த உயரம் 100 அடி. 97 அடியைத் தொட்டதும் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள், அது நேராக மேட்டுப்பாளையத்துக்கு வரும். ஊரில் அன்றைக்கு நல்ல வெயில்கூட அடிக்கும். ஒரு தூறல் இருக்காது. ஒலிபெருக்கி கட்டிய வண்டி கரையோரத் தெருக்களில் போய், மேடான இடத்துக்குப் போகச் சொல்லிக்கொண்டிருக்கும். மழையை வைத்து ஆற்றைக் கணக்குப் போட முடியாத ஊர் அது, மலைமேல் என்ன நடக்கிறது என்பதுதான் கணக்கு.

அதனால் ஆடிப் பதினெட்டை ஒட்டி ஒரு நாள் மூன்று பேருமாகப் போங்கள். தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோவிலில் கும்பிட்டுவிட்டு அந்த வீட்டுத் தெருவுக்கு வாருங்கள், புரோக்கர் கூட வேண்டாம். தண்ணீர் எத்தனை படி ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, அக்கம்பக்கத்து வீடுகளில் மோட்டாரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தரையில் வைக்க வேண்டிய மோட்டாரை இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டி ஏற்றியிருந்தால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வந்து போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் பார்த்த வீட்டின் பின்சுவரில் ஒரு மட்டம் வரைக்கும் மட்டும் புதுப் பூச்சு இருக்கிறதா, கீழ்த்தளத்து மர நிலைகளின் அடிப்பக்கம் ஊறி உப்பியிருக்கிறதா, ப்ளக் பாயின்டுகள் ஏன் அவ்வளவு உயரத்தில் இருக்கின்றன, இதையெல்லாம் கவனியுங்கள். பால் ஊற்றுகிறவரிடமும் பக்கத்து மளிகைக் கடையிலும் பேச்சுக் கொடுங்கள். விற்கிறவர் சொல்லாததை அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

மகளை நினைத்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளம் வருடத்தில் சில நாள்தான். ஆனால் பில்லூரில் மின்சாரம் எடுக்கும்போது திறக்கிற தண்ணீர் சாதாரண நாட்களிலும் வரும். முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருந்த இடத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீர் ஏறும். பாறைமேல் குளித்துக்கொண்டிருந்த வெளியூர்ப் பிள்ளைகள் இப்படித்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள், எத்தனையோ உயிர் போயிருக்கிறது. எட்டு வயதுக் குழந்தைக்குப் பின்கதவைத் திறந்தால் ஆறு என்கிற வீடு, பெற்றவர்கள் இருவரும் மாலை ஏழு மணிக்குத் திரும்புகிற குடும்பத்தில் எனக்குச் சம்மதமே இல்லை.

காகிதங்களுக்கு வருவோம். பட்டா, அ-பதிவேடு (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்கிற பதிவேடு), புலப்படம் (சர்வே எண்ணின் எல்லை வரைபடம்) மூன்றையும் அரசின் இணையச் சேவையிலேயே பார்த்துவிடலாம், வில்லங்கச் சான்று பதிவுத்துறைத் தளத்தில் கிடைக்கும். கரையோரம் என்பதால் புலப்படம்தான் உயிர். உங்கள் சர்வே எண்ணுக்கு அடுத்த எண் ஆற்றுப் புறம்போக்காக இருக்கும், எல்லை எங்கே முடிகிறது என்று சர்வேயரை வைத்து அளந்து கல் பார்க்காமல் நம்பாதீர்கள். வீடு ஐந்து சென்டில் நிற்கும், பட்டா மூன்றரைக்குத்தான் இருக்கும், மிச்சம் ஆற்றுடையது. கரையோரம் எங்கும் இந்தக் கதை உண்டு. மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா, 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் உருவானதென்றால் வரன்முறைப்படுத்தியிருக்கிறார்களா, நகராட்சியின் கட்டட அனுமதி எத்தனை சதுர அடிக்கு இருக்கிறது என்றும் கேளுங்கள். தாய்ப்பத்திரத்திலிருந்து எல்லாவற்றையும் உங்கள் வக்கீல் படிக்கட்டும். வங்கி வக்கீல் வங்கியின் பணத்துக்குப் பார்ப்பார், உங்கள் நிம்மதிக்குத் தனியாக ஒருவர் வேண்டும்.

ஆற்றிலிருந்து தள்ளி இருந்தால் மட்டும் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை வேறு மாதிரி. மலையடிவாரத்து ஓடைகள் வருடம் முழுக்கக் காய்ந்து கிடந்து ஒரே ராத்திரியில் திரளும். 2019 டிசம்பர் 2 விடிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் மதில் சரிந்து கீழே இருந்த வீடுகள்மேல் விழுந்து தூக்கத்திலேயே பதினேழு பேர் போனார்கள். இன்னமும் நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. எந்த வீட்டைப் பார்த்தாலும் அதன் தலைக்குமேல் யாருடைய சுவர் நிற்கிறது, அது தூண் வைத்துக் கட்டியதா, தண்ணீர் வெளியேற வழி விட்டிருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சரி, பிறகு ஏன் ஊர் சரி என்கிறேன்? ரயிலுக்காக. கோவையிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர், 1873-லேயே தண்டவாளம் வந்த ஊர். உங்கள் கணவருக்கு இதைவிட வசதி கிடையாது. வண்டியில் ஏறி உட்கார்ந்தால் காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர், வடகோவை, அப்புறம் அவருடைய அலுவலகம். முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகலாம். மேட்டுப்பாளையம் ரோட்டில் இரண்டு சக்கர வண்டியில் புகை குடித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் அந்த உட்கார்ந்து போகிற நேரத்தின் அருமை தெரியும். காரமடையில் கறிவேப்பிலைக் கட்டுகளோடு ஏறுகிற பெண்கள், மடியில் நோட்டை வைத்துப் படிக்கிற காலேஜ் பிள்ளைகள், தினமும் அதே சீட்டுக்கு வருகிறவர்கள் என்று அதில் ஒரு சின்ன ஊரே இருக்கிறது. சீசன் டிக்கெட் செலவு பெட்ரோல் கணக்குக்குப் பக்கத்திலேயே வராது. ஒற்றைத் தடம் என்பதால் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு ரொம்ப நேரம் நிற்க வேண்டும், அது ஒன்றுதான் குறை.

ஆனால் உங்களுக்கு? உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதுதான் என்னை உறுத்துகிறது. சரவணம்பட்டிக்கு ரயில் இல்லை. நீங்கள் துடியலூரில் இறங்கி வெள்ளக்கிணறு வழியாக பஸ்ஸோ வண்டியோ பிடிக்க வேண்டும், இல்லையென்றால் காரமடையோ அன்னூரோ சுற்றி முழுத் தூரமும் வண்டியில். இப்போது கவுண்டம்பாளையத்திலிருந்து போகிற நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதுவும் ஒரு நாளுக்கு இரண்டு தடவை. ஷிஃப்ட் இரவு முடிந்தால் கம்பெனி வண்டி மேட்டுப்பாளையம் வரை வருமா என்று ஹெச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீடு வாங்கும்போது கணவரின் பயணத்தை மட்டும் கணக்கில் வைத்து முடிவெடுக்கிற குடும்பங்கள் நிறைய, ஒரு வருடத்தில் மனைவி வேலையை விட்டுவிடுகிறார், அப்புறம் கடன் ஒரு சம்பளத்தில் ஓடுகிறது. உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

பணத்தையும் பார்த்துவிடுவோம். 55 லட்சத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 4 லட்சத்து 95 ஆயிரம். உங்கள் 15-ம் 40-ம் வீட்டு விலைக்கே சரியாகப் போய்விட்டது, இந்த ஐந்து லட்சம் எங்கிருந்து வரும்? வங்கி இதற்குக் கடன் தராது. பெண் பெயரில் பதிந்தால் குறையும் என்பது உண்மைதான், ஆனால் 2025 ஏப்ரல் முதல் வந்த அந்தச் சலுகை பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம், அதுவும் பத்து லட்சம் மதிப்புக்குள் இருக்கிற சொத்துக்கு. உங்களுக்குப் பொருந்தாது. (உங்கள் பெயரில் பதியுங்கள், அது வேறு விஷயம், நல்ல விஷயம்.) 40 லட்சம் கடன் எட்டரை சதவீத வட்டியில் இருபது வருடம் என்றால் மாதம் 34,700 வரும், வட்டி மட்டுமே அசலைத் தாண்டிவிடும். இன்றைக்கு நீங்கள் கொடுப்பது பதினாலாயிரம். அந்த வித்தியாசத்தை இப்போதிலிருந்தே மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள், தாங்க முடிகிறதா என்று ஆறு மாதத்தில் தெரிந்துவிடும், முன்பணமும் கொஞ்சம் கூடியிருக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வருடம் அங்கே வாடகைக்குப் போவேன். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு வீடு. ஒரு ஆடியும் ஒரு ஐப்பசியும் அங்கே கழியட்டும். குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, சித்திரை, வைகாசி சனிக்கிழமைகளில் ஊட்டி போகிற கார்கள் வரிசை கட்டும்போது ஊருக்குள் எப்படி நகர்வது, காட்டோரத் தெருக்களில் இருட்டிய பிறகு யானை எத்தனை தடவை வருகிறது, இதெல்லாம் குடியிருந்தால்தான் தெரியும். பாகுபலி என்று பேர் வைத்துக் கூப்பிடுகிற அந்த யானை ஊரை ஒட்டிய நெல்லித்துறை, சமயபுரம் பக்கம் தெருவுக்குள்ளேயே நடந்து போகும். அது அதன் வழி, நாம்தான் அங்கே வீடு கட்டியிருக்கிறோம்.

காரமடையையும் ஒதுக்கிவிடாதீர்கள். அங்கேயும் ஸ்டேஷன் இருக்கிறது, அரங்கநாதர் கோவிலைச் சுற்றி நல்ல பழைய ஊர், உங்கள் சரவணம்பட்டிப் பயணமும் குறையும். ஆறுதான் இருக்காது. ஆறு வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் இரண்டாவது நிறுத்தத்தில்கூட இல்லை, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்து போகலாம். பார்ப்பதற்கு ஆறு ஊரில் எல்லாருக்கும் பொதுவாகக் கிடைக்கிறது, அதற்காகக் கரையில் 55 லட்சம் போட வேண்டியதில்லை. ரயிலடிக்கு நடக்கிற தூரம்தான் காசு கொடுத்து வாங்க வேண்டியது.

வெள்ளிக்கிழமைக்கு: டோக்கன் கொடுக்காதீர்கள். ஆவணியில் பேசலாம், அதுவரை பத்திர நகல்களை மட்டும் கொடுங்கள் என்று புரோக்கரிடம் சொல்லுங்கள். வேறு ஆள் வந்துவிட்டார் என்பார், வரட்டும். அப்படியும் கணவர் மனசு கேட்கவில்லை என்றால், வக்கீல் கருத்து பாதகமாக வந்தாலோ கடன் கிடைக்காமல் போனாலோ முழுத் தொகையும் இத்தனை நாளுக்குள் திரும்ப வரும் என்று வீட்டு உரிமையாளரே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற ஒப்பந்தத்தின் பேரில், அவருடைய வங்கிக் கணக்குக்குத்தான் அனுப்ப வேண்டும். புரோக்கர் கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம்.