வண்டி பழசானால் கெட்டி ஆயில் ஊற்றலாமா?

கேள்வி: என் பெட்ரோல் கார் 80,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கையேட்டில் 5டபிள்யூ-30 ஆயில் என்று போட்டிருக்கிறது. மெக்கானிக்கோ, "வண்டி பழசு, 20டபிள்யூ-50 ஊற்றினால்தான் சத்தம் அடங்கும்" என்கிறார். எதைக் கேட்பது?

பதில்: கையேட்டைக் கேளுங்கள். 80,000 கிலோமீட்டர் ஒரு நல்ல என்ஜினுக்குப் பெரிய வயசே இல்லை.

டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண், குளிர்ந்த என்ஜினில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. சிறிய எண் என்றால் சீக்கிரம் ஓடும். பின்னால் உள்ளது, சூடேறிய பிறகு அதற்கு இருக்கும் கெட்டித்தன்மை. காலையில் சாவியைத் திருப்பியதும் ஆயில் மேலே போய்ச் சேரும் வரை உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. கெட்டி ஆயில் அங்கே போய்ச் சேரத் தாமதமாகும். சத்தம் அடங்கலாம், ஆனால் சத்தத்துக்குக் காரணமான கோளாறு அப்படியே இருக்கும். முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்தாலும் சத்தம் வரும்.

அப்புறம், பட்டறைகளில் டிரம்மிலிருந்து சில்லறையாக ஊற்றும் ஆயில். எந்த கிரேடு, எப்போது திறந்தது, எதுவும் உங்களுக்குத் தெரியாது. ஒரே டிரம்மிலிருந்து எல்லா வண்டிக்கும் ஊற்றுகிற இடத்தில், உங்கள் வண்டிக்கு எது தேவை என்று யாரும் யோசிப்பதில்லை. "ஆயில் கறுத்துப்போச்சு, ஃப்ளஷ் பண்ணணும்" என்பார்கள், அதாவது என்ஜினை உள்ளே கழுவ வேண்டுமாம். அழுக்கை ஏந்திக்கொள்வதுதான் ஆயிலின் வேலை. கறுப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கூடுதலாக ஊற்றச் சொல்லும் பாட்டில் மருந்துகளும் வேண்டாம். ஃபில்டரை மட்டும் தவறாமல் மாற்றச் சொல்லுங்கள்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. புகைக்குழாயில் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி (டிபிஎஃப்) இருந்தால், எண் பொருந்தினால் மட்டும் போதாது. சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஊற்ற வேண்டும். வடிகட்டியில் சேரும் கரியை வண்டியே எரித்துவிடும். ஆயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது. அது தங்கித் தங்கி வடிகட்டியை அடைத்துவிடும். மாற்றுவது பெரிய செலவு. கேனில் சி2, சி3 போன்ற குறி இருக்கும். கையேட்டில் எது கேட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள்.

இவ்வளவு முக்கியமான எண்ணைக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் ஒளித்து வைக்கிறார்கள். சில வண்டிகளில் ஆயில் மூடியிலேயே அச்சிட்டிருக்கிறது. எல்லா வண்டியிலும் அப்படிச் செய்ய என்ன தடை?

அடுத்த சர்வீஸில் சீல் உடையாத கேனை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். காலி கேனைக் கேட்டு வாங்கி, ஓட்டை போட்டுத் தூக்கி எறியுங்கள். அதில்தான் போலி ஆயிலை அடைத்து மறுபடி விற்கிறார்கள்.