நாளுக்கு எட்டு வசனம் போதும்

"தினமும் மூன்று நான்கு அதிகாரம் வாசிக்கிறேன், புத்தகத்தை மூடினதும் ஒன்றும் நினைவில் இல்லை. செபத்திலும் ஐந்து நிமிசத்துக்கு மேல் இருக்க முடியவில்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு வருடத்தில் முழு வேதாகமத்தையும் முடிக்கும் அட்டவணையைப் பிடித்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. 66 நூல்களிலும் 1189 அதிகாரம். 365 ஆல் பிரித்தால் நாளுக்கு மூன்றுக்கு மேல் வரும். அந்த வேகத்தில் கண் ஓடும், மனம் தங்காது. அட்டவணையைக் குறை சொல்லவில்லை, வேதத்தை முழுதாகத் தெரிய அதுவும் வேண்டும். அதைப் பின்னேரத்துக்குத் தள்ளிவிட்டு, விடியற்காலை அரை மணித்தியாலத்தைக் கொஞ்ச வசனத்தை மெதுவாக வாசித்துச் செபிப்பதற்கென்று வையுங்கள்.

வீட்டில் அடுப்பு மூட்ட முதல் இருங்கள். கட்டில் வேண்டாம், நித்திரை வரும். முதுகு நிமிரும் கதிரை நல்லது. அச்சுப் புத்தகம், ஒரு கொப்பி, பென்சில். போன் அடுத்த அறையில் கிடக்கட்டும்.

பகுதி ஏழெட்டு வசனத்தைத் தாண்டக் கூடாது. மாற்கு 10:46-52, கண் தெரியாத பிச்சைக்காரன் பர்த்திமேயுவின் பகுதியை எடுங்கள். வாய்விட்டு, காதில் விழும்படி வாசியுங்கள். இரண்டு நிமிசம் சும்மா இருங்கள். திரும்ப, இன்னும் மெதுவாக. இரண்டாம் முறை ஏதோ ஒரு சொல் பிடித்து இழுக்கும். ஊரே அதட்டும்போது இயேசு 'நின்றார்' என்பதாக இருக்கலாம். பிச்சைக்காரன் மேலுடையை எறிந்துவிட்டுக் குதித்தெழுந்ததாக இருக்கலாம். அதோடு நில்லுங்கள், அடுத்த வசனத்துக்குப் போகாதீர்கள். பத்து நிமிசம் அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டுங்கள். பிறகு அதே சொல்லை ஆண்டவரிடமே திருப்பிச் சொல்லுங்கள்: "நான் எறியாமல் இறுக்கிப் பிடித்திருக்கிற மேலுடை எது?" இதுதான் செபம். கடைசி ஐந்து நிமிசம் பேச்சே வேண்டாம். எழும்ப முதல் கொப்பியில் ஒரு வரி, அவ்வளவுதான்.

12 ஆம் நூற்றாண்டுக் கார்த்தூசியத் துறவி இரண்டாம் குய்கோ, வாசித்தல், சொல்லை உருட்டுதல், செபித்தல், பேசாமல் இருத்தல் என்ற இந்த நான்கு படியையும் சாப்பாட்டோடு ஒப்பிட்டார்: வாயில் வைப்பது, மெல்லுவது, சுவையை எடுப்பது, கடைசியில் அந்த இனிமையே. நீங்கள் மெல்லாமல் விழுங்குகிறீர்கள்.

"இது துறவிகளின் வழக்கம், வேதத்தில் இல்லை" என்று சிலர் வருவார்கள். முதலாம் திருப்பாடலில் 'தியானிப்பவர்' என்று வரும் இடத்து எபிரேயச் சொல்லுக்கு முணுமுணுத்தல் என்று பொருள். எசாயா 31:4 இல் இரையின் மேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும் அதே சொல்தான். நீங்கள் எந்தச் சபையானாலும் இது பொருந்தும். யாழ்ப்பாண மண்ணுக்கும் புதிதில்லை. தோலகட்டியில் 1928 இல் தொடங்கிய செபமாலைத் தாசர் என்ற துறவற சபையினர் மௌனத்தையும் செபத்தையுமே வாழ்வாக வைத்திருக்கிறார்கள்.

பிழை விடும் இடங்கள் இவை. மறைக்கல்வி ஆசிரியர்களும் பிரசங்கம் செய்கிறவர்களும் 'இதை எப்படிச் சொல்லிக் கொடுக்கலாம்' என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தக் கணமே தியானம் பாடமாகிவிடும். கவனம் சிதறினால் அதோடு சண்டை பிடிக்க வேண்டாம், அந்தச் சொல்லுக்குத் திரும்பினால் போதும். செய்யவேண்டிய வேலை நினைவுக்கு வந்தால் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்துவிட்டு விடுங்கள். மூன்றாம் கிழமை அளவில் வறட்சி வரும், ஒரு சொல்லும் இழுக்காது. அந்த நாட்களில்தான் பலர் நேரத்தைக் குறைக்கிறார்கள். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் சொன்னது நேர்மாறு: வறட்சியில் குறித்த நேரத்தைவிடக் கொஞ்சம் கூட இருக்க வேண்டும். முப்பதுக்கு முப்பத்தொன்று இருங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. விடிந்தால் வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு எரேமியா 29:11 வருகிறது, 'வளமான எதிர்காலம்' என்று. அதற்கு முந்தின வசனம், சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எழுபது ஆண்டு பாபிலோனில் என்கிறது. சொந்த மண்ணை விட்டு இடம்பெயர்ந்து, திரும்பிப் போகக் காத்துக்கிடந்த நம் சனத்துக்கு பத்தாம் வசனம்தான் முதலில் வேண்டியது. அதை வெட்டிவிட்டு அனுப்புவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

பர்த்திமேயுவை ஒரு கிழமை வைத்துப் பழகினபின் மாற்குவை முதலிலிருந்து தொடங்குங்கள். 16 அதிகாரம், நாளுக்கு எட்டு வசனமாகப் போனால் மூன்று மாதமளவில் முடியும். முதல் நாளுக்கு 1:1-8 சரியாக எட்டு.